ஏழு வீடு

முதல் நாள்

பால் வாங்கப் போகும்போது ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில் அதைப் பார்த்தேன். சாம்பல் நிறப் பெண்பூனை. சாக்கடை ஓரமாக ஒருக்களித்துக் கிடந்தது. இரவில் ஏதோ வண்டி அடித்துவிட்டுப் போயிருக்கிறது. ஐப்பசி மழை ரத்தச் சுவடே இல்லாமல் கழுவிவிட்டிருந்தது. வயிற்றைப் பார்த்தேன். மயிர் விலகி, காம்புகள் சிவந்து புடைத்திருந்தன. பால்குடிக் குட்டிகள் எங்கோ இருக்கின்றன.

தேட வேண்டியிருக்கவில்லை. நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக் கொல்லையில், விறகு அடுக்குக்குப் பின்னால் இந்தப் பூனை மூன்று நாலு நாளாகப் போய்வருவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்ன ஏது என்று எட்டிப் பார்க்கவில்லை.

நாலு குட்டிகள். கண் திறக்கவில்லை. காதுகள் மடிந்து தலையோடு ஒட்டியிருந்தன. இரண்டுக்குத் தொப்புள்கொடி காய்ந்து, கறுத்த நூலாக இன்னும் தொங்கிற்று. தொட்டேன். மழையில் கிடந்த கூழாங்கல்லைத் தொட்டதுபோல் இருந்தது.

தெரிந்த கால்நடை டாக்டரைப் போனில் பிடித்தேன். "மேடம், பால் அப்புறம். முதல்ல சூடு. உடம்பு குளிர்ந்து கெடக்கும்போது பால் குடுத்தா வயிறு செரிக்காது, குட்டி போயிடும். மெதுவா சூடு பண்ணுங்க. அடுப்புப் பக்கத்துல எல்லாம் வெச்சிடாதீங்க."

நாலையும் முந்தானையில் சுருட்டி, வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பசி என்று தெரிந்தும் ஊட்டாமல் இருப்பது கைக்குப் பிடிக்கவில்லை. யார் வந்தாலும் முதலில் சாப்பிட்டீர்களா என்று கேட்டே பழகிய வாய், பழகிய கை. ஆனால் பசிக்கும் முன்னால் குளிர் என்று ஒன்று இருக்கிறது. முதல் மூன்று வாரம் பூனைக்குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. தாயின் வயிறுதான் அதற்கு உலை.

ஒன்று முனகிற்று. பிறகு இன்னொன்று. வயிற்றில் நான்கு இடங்களில் சூடு திரும்பி வருவதைத் தோல் வழியாகவே தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் நாள்

சமையல் தராசில் ஒரு கிண்ணம் வைத்து நிறுத்தேன். சாம்பல் 112 கிராம். வரியன் 108. மூவண்ணம் 105. கறுப்பு 84.

பெயர் வைக்கவில்லை. நிறத்தைச் சொன்னால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். பெயர் வைக்காமல் இருந்தால் ஏதோ ஒரு தூரம் இருக்கும் என்று ஒரு கணக்கு. நிறமே பெயராகிவிடும் என்று அப்போது தோன்றவில்லை.

நான் மெய்ப்புப் பார்த்துப் பிழைப்பவள். திருத்திமுடித்த தாள்கள் வீட்டில் மலையாகக் கிடக்கும். அட்டைப்பெட்டிக்குள் பழைய சேலை, சேலைக்கு அடியில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில், எல்லாவற்றுக்கும் அடியில் யாரோ ஒரு பேராசிரியரின் கட்டுரைத் தொகுப்பு. எடையைக் குறிக்கவும் மெய்ப்புத் தாளின் பின்பக்கம்தான். நாலு பத்தி கோடு போட்டேன். ஒரு நாளைக்குப் பத்து கிராமாவது ஏற வேண்டும் என்றார் டாக்டர். ஏறினால் பிழைக்கும். நின்றால் கவனிக்க வேண்டும். இறங்கினால் உடனே கூப்பிட வேண்டும்.

வீட்டுக்கார மாமி கொல்லைக் கதவருகே வந்து நின்றாள். பூனை என்றாலே முகம் சுளிப்பவள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு வெள்ளிச் சங்கு.

"என் பேரனுக்குப் பால் புகட்டினது. இதுல புகட்டு. ரெண்டு நாழில வயிறு ரொம்பிடும்."

வாங்கிக்கொண்டேன். பயன்படுத்தவில்லை. சங்கால் புகட்டினால் பால் தானாகத் தொண்டைக்குள் வழியும். மனிதக் குழந்தையை மடியில் மல்லாத்திப் படுக்கவைத்து, வாயோரம் பார்த்துச் சாய்ப்பதில் பாட்டிமார்களுக்கு இருக்கும் கைப்பழக்கம் பூனைக்குட்டியிடம் செல்லாது. அதைக் குப்புறப் படுக்கவைத்து, தாய் வயிற்றில் முட்டும்போது தலை எப்படி நிமிருமோ அப்படி நிமிரவிட வேண்டும். மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். ஊசி கழற்றிய சிரிஞ்சில் ஒரு துளி, அது நக்கி விழுங்கியதும் மறு துளி. ஒரு வேளைக்கு நூறு கிராம் குட்டிக்கு நாலு மில்லி. தேக்கரண்டி அளவுகூட இல்லை. அந்த நாலு மில்லிக்குப் பத்து நிமிஷம்.

பசும்பாலும் ஆகாது. பூனைப்பாலில் புரதம் பசும்பாலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கொழுப்பும் கூட. பசும்பாலில் இருக்கும் சர்க்கரை குட்டிக்குப் பேதியில் முடியும். கைப்பிடி அளவு உடம்பில் ஒரு நாள் பேதியே உயிர்ச்சேதம். பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்பவுடர் டவுனில் ஒரு கடையில் கிடைத்தது. விலையைப் பார்த்தபோது என் ஒரு மாதக் காப்பிப்பொடி நினைவுக்கு வந்தது.

சங்கைத் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். மாமி கேட்டால் இன்னும் வேண்டியிருக்கிறது என்று சொல்வேன். பொய் இல்லை. வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைக்க அதைத்தான் எடுக்கிறேன்.

நாலாம் இரவு

பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு, ஆறு.

ஒவ்வொரு சுற்றிலும் வெந்நீர் வைத்து, பவுடர் கரைத்து, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு துளி விட்டுச் சூடு பார்த்து, நாலுக்கும் புகட்டி முடிக்க முக்கால் மணி ஆகிறது. பிறகு பஞ்சு. பூனைக்குட்டிக்கு முதல் மூன்று வாரம் தானாக மூத்திரம் போகத் தெரியாது. தாய் நக்கிவிட்டால்தான் போகும். ஈரப்பஞ்சால் மெல்ல வருடிக்கொண்டே இருக்கிறேன். விரலில் சூடாக ஒரு சொட்டு. அதைப் பார்த்து எனக்கு வருகிற நிம்மதியை யாரிடமும் சொல்ல முடியாது.

இத்தனை நாள் தாய் என்றால் பால் என்றுதான் நினைத்திருந்தேன். நடு இரவில் பஞ்சோடு உட்காரும்போது தெரிகிறது, பால் அதில் ஒரு பங்கு. சூடு ஒரு பங்கு. நாக்கு ஒரு பங்கு. எஞ்சியதெல்லாம் எழுந்துகொள்வது.

இரண்டு மணிக்குத் தெரு முழுக்க உறங்குகிறது. ஓட்டில் மழை. ராஜகோபுரத்து உச்சி விளக்கு மழைத்திரைக்குப் பின்னால் மங்கலாக. மற்ற நேரமெல்லாம் எதையாவது யோசித்துக்கொண்டிருக்கும் தலை இந்த முக்கால் மணி நேரம் ஒன்றும் யோசிப்பதில்லை. சிரிஞ்சின் கோடுகளை மட்டும் பார்க்கிறது. மூன்று. மூன்றரை. நாலு.

ஆறாம் நாள்

நேற்றுவரை ஒரு தவறான எண்ணத்தில் இருந்தேன். கத்துகிற குட்டிக்கு முதலில் கொடுத்தேன். சாம்பல்தான் எப்போதும் முதலில் கத்தும். கறுப்பு அமைதியாகக் கிடக்கும். சாது என்று நினைத்தேன். நல்ல குழந்தை என்று மாமியிடம் சொல்லவும் செய்தேன்.

கத்துவது பசி. கத்தாமல் இருப்பது பசி இல்லாமை அல்ல. கத்தத் தெம்பு இல்லாமை.

கறுப்பின் எடை: 84, 86, 87, 87, 83. மற்ற மூன்றும் முப்பது, நாற்பது கிராம் ஏறியிருந்தன. டாக்டரிடம் கொண்டுபோனேன். குளுக்கோஸ் துளியை ஈறில் தடவினார். காதை வைத்துக் கேட்டார். "தாய்கிட்ட இருந்தாலும் ஈத்துக்கு ஒண்ணு இப்படிப் போறது உண்டு மேடம். உங்க தப்பு இல்ல." என் தப்பு இல்லை என்பதை அவர் கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லிவிட்டார்.

ராத்திரி மற்ற மூன்றையும் பெட்டியில் விட்டுவிட்டு அதை மட்டும் வயிற்றோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு மணிச் சுற்றுக்கு எழுந்தபோது முதல் நாள் கூழாங்கல் திரும்பி வந்திருந்தது.

பவழமல்லிக்கு அடியில் மண் ஈரமாக இருந்தது. தோண்டுவது சுலபமாக இருந்தது. அவ்வளவு சுலபமாக இருந்திருக்க வேண்டாம்.

தாளில் அதன் பத்தி பாதியில் நிற்கிறது. மற்ற மூன்றும் கீழே இறங்கிப் போய்க்கொண்டிருக்கின்றன.

எட்டாம் நாள்

காய்கறி வாங்கிவிட்டு அம்மா மண்டபம் படித்துறையில் சற்று உட்கார்ந்தேன். காவிரி செம்மண் நிறத்தில் கரை தொட்டு ஓடிற்று. அக்கரையில் மலைக்கோட்டை.

அந்த மலையில் இருக்கும் சிவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். நிறைமாதச் செட்டிப்பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கப் பூம்புகாரிலிருந்து கிளம்பிய அம்மா, காவிரி வெள்ளத்தில் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். சிவன் அந்த அம்மாவின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார். மருந்து அரைத்துக் கொடுத்தார். பிள்ளையைக் குளிப்பாட்டினார். வெள்ளம் வடிந்ததும் உண்மையான அம்மா வந்து வாசலில் நிற்க, உள்ளே இன்னொரு அம்மா. பெண் திகைத்துப் பார்க்கும்போதே உள்ளே இருந்தவர் மறைந்தார்.

சிறுவயதிலிருந்து கேட்ட கதை. அவர் வந்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். இன்றைக்கு எனக்கு அவர் போனதுதான் பெரிதாகப்பட்டது. மறையும்போது கையில் குழந்தை இருந்திருக்குமா? அதைப் பாயில் கிடத்திவிட்டா போனார்? தாய் வாசலில் வந்து நின்ற பிறகு ஒரு கணம்கூட அங்கே இருக்கவில்லை. பதிலுக்கு வந்தவர், பதிலுக்குத்தான் வந்தோம் என்பதைக் கடைசிவரை மறக்கவில்லை.

என் கதையில் வெள்ளம் வடிந்தாலும் வாசலுக்கு வர யாரும் இல்லை. அதனால் மறைகிற வேலையையும் நானேதான் வேறுவிதமாகச் செய்தாக வேண்டும்.

பதினோராம் நாள்

சாம்பலுக்கு இடது கண் மட்டும் திறந்திருக்கிறது. மூக்கோரமாக ஒரு கீற்று. அதற்குள் ஈரமான நீலம்.

எல்லாப் பூனைக்குட்டிக்கும் கண் நீலமாகத்தான் திறக்கும். ஆறேழு வாரத்துக்குப் பிறகே உண்மை நிறம் வரும். பார்வையும் உடனே தெளிவதில்லை. என் முகம் அதற்கு இப்போது ஒரு நிழல். ஆனாலும் தலையைத் தூக்கி நிழல் இருக்கும் பக்கம் திருப்பிற்று. பிறகு என்னைப் பார்த்துச் சீறிற்று. கைப்பிடி உடம்பும் ஒற்றைக் கண்ணும் வைத்துக்கொண்டு புலிச் சீற்றம். சிரித்துவிட்டேன். கறுப்பு போன பிறகு இன்றுதான் சிரித்தேன்.

பதினைந்தாம் நாள்

புகட்டி முடித்ததும் வரியனைப் பிடரியில் இரண்டு விரலால் லேசாகப் பிடித்துப் பார்த்தேன். கத்திக்கொண்டிருந்தது சட்டென்று நிறுத்தியது. பின்கால்களை வயிற்றோடு மடக்கி, வாலைச் சுருட்டிக்கொண்டு பந்தாயிற்று.

இந்த ஊர்க்காரர்களுக்குப் பூனைக்குட்டி வேதாந்தப் பொருள். குரங்குக்குட்டி தாயைத் தான் பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொள்கிறது. இறைவனை நாம் பற்ற வேண்டுமா, அவன் நம்மைப் பற்றுவானா என்ற கேள்வியில் வடகலையாருக்குக் குரங்கு, தென்கலையாருக்குப் பூனை. மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம். பூனைக்குட்டி ஒன்றும் செய்வதில்லை, எல்லாம் தாய் பார்த்துக்கொள்கிறாள் என்பது அதன் சாரமாகச் சொல்லப்படும்.

கையில் ஒன்றை வைத்துக்கொண்டு பார்த்தால் குட்டி ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியவில்லை. காலை மடக்குகிறது. குரலை அடக்குகிறது. வால் எங்கும் சிக்காதபடி உள்ளே இழுத்துக்கொள்கிறது. தூக்கிப்போவது தாயின் வேலை. தூக்கிப்போகும்படி இருப்பது குட்டியின் வேலை. மனிதக் குழந்தையும் இப்படித்தானாம். அழும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தாய் உட்கார்ந்திருப்பதைவிட, தூக்கிக்கொண்டு எழுந்து நடக்கும்போது அதன் இதயத்துடிப்பே இறங்கி அடங்குகிறது என்று ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிலையத்தார் 2013-இல் அளந்து காட்டினார்கள். தொட்டில் ஆட்டிய கைகளுக்கும் தோளில் போட்டுத் திண்ணையில் உலாத்திய தாத்தாக்களுக்கும் அளக்காமலே தெரிந்ததுதான்.

சும்மா இருப்பது இவ்வளவு வேலை என்று தெரியாமல்தான் அதைச் சுலபமாகச் சொல்லிவந்திருக்கிறோம்.

இருபத்தெட்டாம் நாள்

கட்டட வேலைக்கு வாங்கி மிஞ்சிய ஆற்றுமணல் கொல்லையில் கிடந்தது. சலித்து ஒரு பழைய பிளாஸ்டிக் தட்டில் கொட்டி வைத்தேன். மூவண்ணம் ஏறிற்று. முகர்ந்தது. முன்காலால் தோண்டிற்று. பெரிய காரியம்போலத் தூரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது. பிறகு திரும்பி நின்று மூடிற்று. யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நான் இல்லை. தாய் சொல்லிக்கொடுக்கும் முன்பே போய்விட்டாள். இனிப் பஞ்சு வேண்டாம். சங்கைத் தேய்த்துக் கழுவி மாமியிடம் திருப்பிக் கொடுத்தேன்.

பல் முளைத்துவிட்டது. கெட்டி ஆகாரம் பழக்க வேண்டும்.

"தயிர்சாதம் பிசைஞ்சு வையேன். எங்காத்துல அந்தக் காலத்துல ஒரு பூனை அதத்தான் தின்னுண்டு பத்து வருஷம் இருந்தது" என்றாள் மாமி.

தயிர்சாதத்தோடு அந்தப் பூனை ஊர் எலியையும் பல்லியையும் தின்றிருக்கும் என்று மாமியிடம் சொல்லவில்லை. பூனை மாமிசம் தின்றே ஆக வேண்டிய பிராணி. டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கும். அது குறைந்தால் பூனையின் இதயத்தசை தளர்ந்துபோகும், கண்ணும் கெடும். சாதத்திலும் தயிரிலும் அதற்கு வழியில்லை. வாடகை பேசும்போது சைவம்தானே என்று மாமி கேட்டதும் நான் தலையாட்டியதும் நினைவிருக்கிறது. நான் சைவம்தான். குட்டிகளைப் பற்றி அப்போது பேச்சு வரவில்லை.

குட்டித் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கொல்லையின் கடைக்கோடியில் வைத்தேன். மீன் வாடை காற்றில் வந்தது. மாமி துளசி மாடத்தருகே நின்றவள் மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"என் கண்ல படாம பண்ணு" என்றாள். பிறகு, போகிற போக்கில், "அந்த மூணு கலர் சரியாத் திங்கறதா?"

முப்பத்தைந்தாம் நாள்

இதை எழுதாமல் தாண்டிப்போகலாம் என்று பார்த்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் உத்திர வீதியில் ஒரு பாழடைந்த வீட்டுத் திண்ணையில் இரண்டு குட்டிகளைப் பார்த்தேன். கத்திக்கொண்டிருந்தன. பக்கத்தில் தாய் இல்லை. அநாதை என்று முடிவுகட்டிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். இரண்டும் பிழைத்தன. இரண்டுக்கும் வீடு கிடைத்தது. எல்லோரும் பாராட்டினார்கள்.

ஆனால் அன்றிரவும் மறு இரவும் அந்தப் பாழ்வீட்டு மதில்மேல் ஒரு பூனை ஏறி நின்று கூப்பிட்டது. சண்டைக் குரல் இல்லை, பருவக் குரலும் இல்லை. அடித்தொண்டையிலிருந்து கேள்விபோல ஒரு சத்தம், நிறுத்தி நிறுத்தி. மூன்றாம் நாள் நின்றுவிட்டது. எனக்கு அது யார் என்று தெரிய ஒரு வருடம் ஆயிற்று.

தாய்ப்பூனை எப்போதும் குட்டியோடு இருக்காது. இரை தேடிப் போகும். சில நேரம் மணிக்கணக்கில். இடம் மாற்றும்போது ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு மறு குட்டிக்குத் திரும்பி வரும். அந்த இடைவெளியில் பார்ப்பவருக்கு மிச்சக் குட்டி அநாதையாகத் தெரியும். நான் காப்பாற்றியதாக நினைத்திருந்தது திருட்டு.

நாற்பத்தெட்டாம் நாள்

முதல் தடுப்பூசி போட்டாயிற்று. வாட்ஸப்பில் படம் போட்டேன். இரண்டு நாளில் பதினாறு பேர் கேட்டார்கள்.

வெள்ளைக் குட்டி இல்லையா? பெர்ஷியனா? ஆண்தானே? பெண் என்றால் வேண்டாம். மூவண்ணம் அநேகமாக எப்போதும் பெண்ணாகத்தான் இருக்கும். ஆரஞ்சும் கறுப்பும் ஒரே உடம்பில் சேர இரண்டு எக்ஸ் குரோமோசோம் வேண்டும். படத்தைப் பார்த்துக் கொஞ்சியவர்கள் பெண் என்றதும் பதில் போடுவதை நிறுத்தினார்கள். பெண்பூனை நாலைந்து மாதத்திலேயே சினையாகலாம். ஒன்பது வாரத்தில் ஈனும். அடையவளஞ்சான் வீதியில் கிடந்ததன் சின்ன முகத்தை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அதற்கே ஒரு வயது நிறைந்திருக்குமோ என்னமோ. கருத்தடை செய்தால் தீர்ந்துபோகும் விஷயத்துக்கு நாம் பெண் வேண்டாம் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். பூனைக்கு மட்டுமா.

ஒருவர் பேத்தியின் பிறந்தநாளுக்கு ரிப்பன் கட்டிக் கொடுக்கக் கேட்டார். பிறந்தநாள் முடிந்த மறுநாள் குட்டி எங்கே தூங்கும் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

காந்தி மார்க்கெட்டில் அரிசி மண்டி வைத்திருப்பவர் நேரிலேயே வந்தார். "அம்மா, சுத்தி வளைக்காம சொல்லிடறேன். எனக்கு எலி பிடிக்கப் பூனை வேணும்." முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் மடித்த சாக்கின்மேல் ஒரு கிழட்டுப் பூனை. பதினோரு வருடம் இருந்து ஆடியில் போயிற்றாம். கடைசி ஆறு மாதம் பல் இல்லாததற்கு மீனை முள் எடுத்துப் பிசைந்து வைத்ததை, யாரோ குற்றம் சாட்டியதுபோலக் குனிந்துகொண்டு சொன்னார். "அப்ப அது எலி புடிக்கலம்மா. சும்மாதான் இருந்துச்சு."

சாம்பல் அவருக்கு என்று அப்போதே முடிவாயிற்று.

மற்ற இரண்டையும் பிரிக்கக் கூடாது என்று நினைத்தேன். எங்கே நிறுத்திக் கடிக்க வேண்டும் என்பதைப் பூனை தன் கூடப்பிறந்ததிடம்தான் கற்கிறது. ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். அந்தப் பாடத்தை என் கையால் நடத்த முடியாது.

திருவானைக்காவலிலிருந்து பள்ளி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தம்பதி வந்தார்கள். கணவர்தான் பேசினார். ஜன்னலுக்கு வலை அடித்திருக்கிறோம், கருத்தடை செய்துவிடுகிறோம் என்றெல்லாம் நான் கேட்பதற்கு முன்பே சொன்னார். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. தரையில் உட்கார்ந்து கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டார். குட்டிகள் கட்டிலுக்கு அடியில் இருந்தன. கூப்பிடவில்லை. எட்டிப் பிடிக்கவில்லை. கால் மணி கழித்து மூவண்ணம் வந்து அந்த விரல் நுனியை முகர்ந்தது. அப்போதும் கை அசையவில்லை.

மார்கழி பிறந்துவிட்டது

யாரும் இப்போது குட்டியை எடுத்துப்போக மாட்டார்களாம். மார்கழியில் குடிபோகக் கூடாது. "பூனையா இருந்தா என்னம்மா, புதுசா ஒரு உசுரு வீட்டுக்கு வருது இல்ல? தை பொறக்கட்டும்" என்றார் மண்டிக்காரர். திருவானைக்காவல் அம்மாவும் அதையே சொல்லி அனுப்பினார்.

ஆக ஒரு மாதம் கூடுதலாகக் கிடைத்தது. குட்டிகளுக்கும் நல்லது; இரண்டாவது தடுப்பூசி ஆகிவிடும். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் ஊர் திணறிக்கொண்டிருக்க, கூடத்தில் மூன்றும் என் மெய்ப்புத் தாள்களைக் கிழித்துக்கொண்டிருந்தன. விட்டுப்போன ஒற்று ஒன்றைச் சேர்க்கப் பேனாவைக் கொண்டுபோனால் பேனா முனையை ஒன்று பிடித்துக்கொள்கிறது.

பூனை குட்டியை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. ஆனால் மாற்றும். வாடை பிடித்துப் பகை வந்துவிடும் என்பதால், ஈரம் படிந்துவிட்டது என்பதால், யாரோ பார்த்துவிட்டார்கள் என்பதால். ஏழு மதிலுக்குள் இருக்கும் இந்த ஊரின் சாமியும் வீடு மாறியவர்தான். 1323-இல் டில்லிப் படை வந்தபோது உற்சவரான நம்பெருமாளை எடுத்துக்கொண்டு பிள்ளை லோகாசாரியார் தெற்கே போனார். தள்ளாத வயது. மதுரைப் பக்கம் ஜோதிஷ்குடி என்ற இடத்தில் அவர் காலமானார். நம்பெருமாள் அதற்குப் பிறகும் ஊர் ஊராகப் போய், திருமலையிலும் இருந்து, 1371-இல்தான் திரும்பி வந்தார்.

தென்கலை ஆசாரியர்களில் தலையானவர் லோகாசாரியார். இறைவன் நம்மைப் பூனைபோலக் கவ்வித் தூக்கிப்போவான் என்று சொல்லும் மரபு அது. அந்தக் கிழவர் இறைவனைக் குட்டிபோலத் தூக்கிக்கொண்டு காட்டு வழியில் நடந்தார். வீடு சேர்ந்ததைத் தன் கண்ணால் அவர் பார்க்கவில்லை. பாதி வழியில் வேறொரு கைக்கு மாற்றிக் கொடுத்தார். அந்தக் கை இன்னொரு கைக்கு. நாற்பத்தெட்டு வருடம்.

தை, மூன்றாம் நாள்

சாம்பல் மண்டிக்குப் போயிற்று. 1 கிலோ 140. வரியனும் மூவண்ணமும் ஒரே கூடையில் திருவானைக்காவலுக்கு. பிறந்த இடத்து வாடை இருக்கட்டும் என்று பெட்டியில் கிடந்த பழைய சேலையை இரண்டாகக் கிழித்து இரு வீட்டுக்கும் கொடுத்தேன். தீவனம் எந்த நேரம், எவ்வளவு, அடுத்த ஊசி எப்போது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பின்பக்கம் பேராசிரியரின் கட்டுரை.

ஆட்டோ திரும்பும்வரை மாமி வாசலில் நின்றாள். "வீடே வெறிச்சுனு இருக்கு. நாத்தமாவது இல்லாம இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் தெளிக்கப் போனாள்.

பங்குனி

விறகு அடுக்குக்குப் பின்னால் மறுபடியும் சத்தம். எட்டிப் பார்த்தேன். மூன்று குட்டிகள். வரி போட்டவை இரண்டு, வெள்ளை ஒன்று. தாயைக் காணோம்.

கை முன்னால் போயிற்று. தொடுவதற்கு முன்னால் நிறுத்தினேன். உற்றுப் பார்த்தேன். வயிறு உருண்டிருந்தது. மேல் ஈரம் இல்லை, அழுக்கில்லை. மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று கிடந்து தூங்கின. நான் கேட்ட சத்தம் கனவில் முனகியதாக இருக்க வேண்டும்.

மாமியிடம் போய்க் கோலப்பொடி கேட்டேன். நல்ல அரிசிமாவு. விறகு அடுக்கைச் சுற்றி விரல் தடிப்பில் ஒரு வளையம் போட்டேன். தாய் வந்தால் தெரியும். வராவிட்டாலும் தெரியும்.

அடுக்களைப் படியில் உட்கார்ந்தேன். ஐந்து மணி. ஆறு. கோயில் மணி கேட்டது. ஒரு குட்டி விழித்துக் கத்திற்று. எழுந்திருக்கப் பார்த்த உடம்பை உட்காரவைத்தேன். தராசு இருக்கிறது, சிரிஞ்ச் இருக்கிறது, டப்பாவில் பால்பவுடர்கூடக் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். ஏழரைக்கு மின்சாரம் போயிற்று. இருட்டில் உட்கார்ந்திருந்தேன். குட்டி கத்துவதை நிறுத்திற்று. நிறுத்தியது எதனால் என்று தெரியாமல் அந்தக் கொஞ்ச நேரம் மிக நீளமாக இருந்தது.

ஒன்பது மணிக்கு மின்சாரம் வந்ததும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு தள்ளி நின்று பார்த்தேன். அடுக்குக்குப் பின்னால் குட்டி ஒன்றும் இல்லை.

வெள்ளை வளையத்தில் காலடிகள் இருந்தன. உள்ளே வந்தவை, வெளியே போனவை. மதிலை நோக்கிப் போகும் பக்கம் மாவு நன்றாக மிதிபட்டு, வளையம் அங்கே அறுந்திருந்தது. குனிந்து எண்ணினேன். சரியாக எண்ண முடியவில்லை. ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருந்தன. மூன்று நடை இருக்கலாம்.

எந்த வீட்டுக்கு மாற்றியிருக்கிறாள் என்று தேடவில்லை. குட்டிகள் பால் மறந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

காலையில் மாமி கொல்லையைப் பெருக்க வந்தாள். "இதென்ன கோலம், பாதில அழிஞ்சு?" என்றாள்.

"இருக்கட்டும் மாமி" என்றேன். "இன்னிக்கு ஒரு நாள் பெருக்க வேண்டாம்."